கிளிஃப் ரிச்சர்ட்: 1958இல் ஆரம்பித்தவர் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது எப்படி?

மெட்டுப்பிரியன்:

வணக்கம். கொஞ்ச நாளாகப் பழைய ஆங்கிலப் பாட்டுகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன். பீட்டில்ஸில் ஆரம்பித்தேன். அவர்களுக்கு முன்னால் பிரிட்டனில் யார் பாடிக்கொண்டிருந்தார்கள் என்று தேடினால், எந்தப் பக்கம் போனாலும் கிளிஃப் ரிச்சர்ட் பெயரில் வந்து நிற்கிறது. எனக்கு அவர் பாடியதில் 'கங்கிராஜுலேஷன்ஸ்', 'வி டோன்ட் டாக் எனிமோர்' இரண்டும்தான் ஏற்கெனவே தெரியும். இரண்டையும் பாடியது ஒரே ஆள் என்பதே போன வாரம்தான் தெரிந்தது, அந்த அளவுக்கு வேறு வேறு ஆட்கள் பாடியது போல இருக்கின்றன.

படிக்கப் படிக்க மலைப்பாக இருக்கிறது. 1940 அக்டோபர் 14 அன்று லக்னோவில் ஹாரி வெப் என்ற பெயரோடு பிறந்திருக்கிறார். 1948இல் குடும்பம் கப்பலேறி இங்கிலாந்து போயிருக்கிறது. முதல் இசைத்தட்டுக்குப் பாடியபோது வயது பதினேழு. ஐம்பதுகளில் தொடங்கி தொண்ணூறுகள் வரை ஒவ்வொரு பத்தாண்டிலும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அவருக்கு ஒரு முதலிடப் பாட்டாவது இருக்கிறது, மொத்தம் 14. ஆல்பம் கணக்கில் இன்னும் நீளம்: 2020இல் எண்பது வயதில் வெளியிட்டதையும் சேர்த்தால், தொடர்ந்து எட்டுப் பத்தாண்டுகளில் முதல் ஐந்து இடத்துக்குள் வந்திருக்கிறார்.

இவ்வளவு இருந்தும் ராக் வரலாறு எழுதுகிறவர்கள் அவரை ஒரு பத்தியில் முடித்துவிட்டு பீட்டில்ஸின் லிவர்பூலுக்கு ஓடிவிடுகிறார்கள். அவர் பாடியதில் பெரும்பாலானவை அவர் எழுதிய பாட்டுகளும் இல்லை. அப்படியானால் இத்தனை காலம் அவரைத் தூக்கி நிறுத்தியது எது? வெறும் ரசிகர் விசுவாசமா, நிறுவனத்தின் விளம்பர பலமா, அல்லது நான் இன்னும் கேட்காத ஏதோ ஒன்று அந்தக் குரலில் இருக்கிறதா? எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

---

இசைத்தட்டுப்பெட்டி:

தம்பி, எங்கிருந்து என்றால் 'மூவ் இட்'. வேறு எதையும் அதற்கு முன்னால் கேட்காதீர்கள். 1958 ஜூலையில் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. அதை விட்டுவிட்டு அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டுகளை வைத்து எடை போட்டால் ஆளையே தவறவிட்டுவிடுவீர்கள்.

அந்தத் தட்டு வந்த கதையைச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கும் அது உதவும். ஈஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் நோரி பரமோர் அந்தப் பையனுக்கு எடுத்துக் கொடுத்தது வேறு பாட்டு. 'ஸ்கூல்பாய் க்ரஷ்' என்று ஏற்கெனவே அமெரிக்காவில் ஒருவர் பாடியது, அதுதான் தட்டின் முன்பக்கம். பின்பக்கத்துக்கு ஒன்று வேண்டுமே என்று குழுவில் கிட்டார் வாசித்த இயன் சாம்வெல் எழுதிய 'மூவ் இட்'டைப் போட்டார்கள். 'ஓ பாய்!' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியை நடத்திய ஜாக் குட் தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டார், என் நிகழ்ச்சியில் பாடுவதென்றால் இதைத்தான் பாட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். எல்விஸ் சாயல் தெரியக்கூடாது என்று கிருதாவை எடுக்கச் சொன்னார், கையில் இருந்த கிட்டாரையும் வைத்துவிட்டு வரச் சொன்னார். பின்பக்கப் பாட்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. முன்பக்கப் பாட்டை இன்று யார் கேட்கிறார்கள்?

நீங்கள் 'அவர் எழுதிய பாட்டு இல்லையே' என்று கேட்டீர்கள். என் பார்வையில் அவருடைய ஆயுளுக்கு அதுதான் காரணம். தன் பாட்டைத் தானே எழுதுகிறவனுக்கு ஊற்று வற்றிவிட்டால் கதை முடிந்தது. இவர் மற்றவர் கையிலிருந்து வாங்கிப் பாடுகிறவர், அதனால் கூட இருக்கிற ஆள் மாறினாலே இவருக்குப் புது வாழ்க்கை. 'லிவிங் டால்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லயனல் பார்ட் எழுதியது, கிளிஃப் நடித்த ஒரு படத்தில் வேகமான பாட்டாக வருகிறது. அவர் குழுவின் கிட்டாரிஸ்ட் ப்ரூஸ் வெல்ச்தான் வேகத்தைக் குறைத்து கன்ட்ரி பாணியில் மெதுவாகப் பாடிப் பார்க்கலாம் என்றார். 1959 கோடையில் அது அவருடைய முதல் முதலிடப் பாட்டு.

இன்னொன்று, அறுபது வருடம் ஒரே நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போனார் என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் நல்ல பள்ளம் இருக்கிறது. பரமோர் 1972 வாக்கில் விலகிப் போன பிறகு என்ன பாடுவது என்று சொல்ல ஆள் இல்லை. ஒரு பக்கம் தேவாலயக் கச்சேரிகள், ஒரு பக்கம் குடும்பத்தோடு பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள். 1975இல் 'ஹாங்கி டாங்க் ஏஞ்சல்' என்று ஒரு பாட்டைப் பதிவு செய்து வெளியிட்டும் ஆகிவிட்டது, அப்புறம்தான் அந்தத் தலைப்பு விலைமகளைக் குறிக்கிறது என்று யாரோ அவருக்குச் சொல்கிறார்கள். உடனே தட்டைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார். 1958க்குப் பிறகு ஒரு சிங்கிள்கூட, அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டுகூட, பட்டியலில் ஏறாத முதல் வருடம் அது. முப்பத்தைந்து வயதில் 'முன்னாள் நட்சத்திரம்' என்று எழுதிவிட்டார்கள்.

அங்கே திரும்ப வருகிறார் அதே ப்ரூஸ் வெல்ச், இந்த முறை தயாரிப்பாளராக. கிளிஃபுக்கு என்று யாரும் அனுப்பும் இனிப்புப் பாட்டுகளை ஒதுக்கிவிட்டு, எழுதுகிறவர்களைத் தேடிப் போய்ப் பாட்டு சேர்க்கிறார். 1976இல் வந்த 'ஐம் நியர்லி ஃபேமஸ்' ஆல்பம் அப்படி உருவானதுதான். அதிலிருந்த 'டெவில் உமன்' அதுவரை கண்டுகொள்ளாத அமெரிக்காவிலேயே ஆறாம் இடத்துக்குப் போனது. அங்கே அதை வெளியிட்டது எல்டன் ஜானின் ராக்கெட் நிறுவனம். அதே ஆல்பத்தில் 'மிஸ் யூ நைட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, டேவ் டவுன்செண்ட் எழுதியது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். தொடக்கத்தில் குரலைக் கிட்டத்தட்டப் பேச்சு அளவுக்கு இறக்கி வைத்திருப்பார். பின்னால் வயலின்கள் எழும்பும்போது போட்டி போட்டுக் கத்த மாட்டார், அதன் மேலே லேசாக மிதந்து போவார். எத்தனை முறை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மூன்று வருடம் கழித்து 'வி டோன்ட் டாக் எனிமோர்', ஆலன் டார்னி எழுதியது, தயாரிப்பு மறுபடியும் வெல்ச். 'கங்கிராஜுலேஷன்ஸ்' முதலிடம் பிடித்தது 1968, இது 1979. நடுவில் பதினோரு வருடம் முதலிடமே இல்லை. உங்களுக்கு இரண்டும் வேறு ஆள் பாடியது போலத் தோன்றியதில் தப்பே இல்லை.

---

ஆறுதந்தி:

பெட்டி அண்ணன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், பாதியை முடியாது.

'மூவ் இட்' பற்றி மறுபேச்சே இல்லை. நான் கிட்டார் கற்றுக்கொண்ட காலத்தில் அந்த ஆரம்பத்தை மட்டும் மாதக்கணக்கில் வாசித்துப் பார்த்திருக்கிறேன். மேலிருந்து இரண்டு தந்தி சேர்ந்து சரிந்து இறங்கும், இறங்கிய கையோடு கீழ்த்தந்தியில் ரயில் மாதிரி ஒரு தடதடப்பு ஆரம்பித்துவிடும். வாசித்தவர் எர்னி ஷியர் என்ற ஒலிப்பதிவுக் கூடக் கலைஞர். உள்ளங்கையைத் தந்தி மேல் எவ்வளவு வைக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். கொஞ்சம் அதிகமானால் சத்தம் செத்துவிடும், குறைந்தால் தடதடப்பு போய்விடும். அதன் மேல் பதினேழு வயதுக் குரல் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறது. இங்கிலாந்தில் அதற்கு முன்னால் வந்த ராக் தட்டுகள் எனக்கு நகல் மாதிரிதான் கேட்கின்றன, இது அப்படி இல்லை.

என் வருத்தம் அதற்கு அப்புறம் நடந்தது. 'லிவிங் டால்' வெற்றியை அண்ணன் நல்ல திருப்பமாகச் சொல்கிறார், எனக்கு அது இழப்பின் ஆரம்பம். ஒரு வருடம்கூட ஆகவில்லை, பல்லைக் கடித்த பையன் அம்மாக்களுக்குப் பிடித்த பையனாகிவிட்டான். அப்புறம் 'தி யங் ஒன்ஸ்', 'சம்மர் ஹாலிடே' என்று படங்கள், பஸ்ஸை ஓட்டிக்கொண்டு ஐரோப்பா சுற்றிப் பாட்டு. படம் ஓடியது, தட்டு விற்றது, எல்லாம் சரி. ஆனால் 1963இல் பீட்டில்ஸ் வந்து நிற்கும்போது இவருக்கு இருபத்திரண்டு வயதுதான், அதற்குள் பழைய தலைமுறை ஆகிவிட்டார். வரலாற்றில் ஒரு பத்தியோடு முடிப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தானே பற்றவைத்த நெருப்பை விட்டு அவர் சீக்கிரம் விலகிவிட்டார்.

கிளிஃபுக்குப் பின்னால் வாசித்த குழுவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் பெயர் ட்ரிஃப்டர்ஸ். அமெரிக்காவில் அதே பெயரில் குழு இருந்ததால் ஷேடோஸ் என்று மாற்றினார்கள். 1959இல் கிளிஃப், குழுவின் முன்னணி கிட்டாரிஸ்ட் ஹாங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு சிவப்பு ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார் வரவழைத்துக் கொடுத்தார். பிரிட்டனுக்குள் வந்த முதல் ஸ்ட்ராட் அதுதான் என்று சொல்வார்கள். 1960இல் ஷேடோஸ் தனியாக வாசித்த 'அப்பாச்சி' முதலிடத்துக்குப் போனபோது அங்கிருந்து கீழே இறக்கியது யாருடைய பாட்டை? கிளிஃபின் 'ப்ளீஸ் டோன்ட் டீஸ்'. அதிலும் பின்னால் வாசித்தது இவர்களேதான். பிறகு வந்த எத்தனையோ பிரிட்டிஷ் கிட்டாரிஸ்டுகள் கண்ணாடி முன் நின்று ஹாங்க் மாதிரி வாசித்துப் பழகியவர்கள். கிளிஃபின் கொடை என்ன என்று கேட்டால் பாதியை நான் அந்த சிவப்பு கிட்டார் கணக்கில்தான் எழுதுவேன்.

---

இசைத்தட்டுப்பெட்டி:

ஆறுதந்தி, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் ஒன்றை மறந்துவிட்டீர்கள். 1959இல் வந்த முதல் ஆல்பம் 'கிளிஃப்' கேட்டிருப்பீர்கள். அபே ரோடு கூடத்துக்குள்ளேயே ரசிகர்களை உட்காரவைத்து நேரடியாகப் பதிவு செய்தது, பெண்கள் அலறுவது பாட்டோடு சேர்ந்தே கேட்கும். அதிலிருப்பவை பெரும்பாலும் அமெரிக்காக்காரர்களின் ராக் பாட்டுகள்தான். அந்தப் பாதையிலேயே போயிருந்தால் அவர் எத்தனை வருடம் நின்றிருப்பார்? அவரோடு சேர்ந்து அந்த வருடங்களில் கிளம்பிய ராக் பையன்களில் 1964 தாண்டியும் பட்டியலில் நிலையாக நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குரலின் இயல்பே மென்மை. முரட்டுத்தனம் ஒரு வயதில் வந்து போனது, மென்மைதான் தங்கியது.

மதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1966இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் அமெரிக்க மதப் பிரசங்கியார் பில்லி கிரகாம் கூட்டத்து மேடையில் ஏறித் தன் விசுவாசத்தை வெளிப்படையாகச் சொன்னார். பாட்டையே விட்டுவிடலாமா என்றுகூட அப்போது யோசித்திருக்கிறார். ராக் உலகில் அந்த வருடங்களில் அதைவிட மரியாதைக் குறைவான காரியம் வேறு இல்லை. அது தெரிந்தும் சொன்னார், அறுபது வருடமாகியும் பின்வாங்கவில்லை. பிடிக்கிறதோ இல்லையோ, அந்த ஆளுக்கு முதுகெலும்பு இல்லை என்று சொல்ல முடியாது.

---

தேம்ஸ்கரை:

இங்கிலாந்தில் பல வருடமாக இருக்கிறேன், அதனால் தட்டு, பட்டியல் விஷயங்களை அண்ணன்மாருக்கே விட்டுவிட்டு நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி, கணவர் போய்ப் பல வருடம் ஆகிறது. அவரிடம் 'தி யங் ஒன்ஸ்' சிங்கிள் தட்டு இருக்கிறது, 1962 ஜனவரியில் வாங்கியது. கடைக்கு வருவதற்கு முன்பே ஐந்து லட்சத்துக்கு மேல் முன்பதிவான தட்டு அது, வந்த வாரமே நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. பாட்டியின் தட்டில் நடு வட்டத்தில் மையால் அவருடைய பெயர் எழுதியிருக்கும். ஏன் என்று கேட்டேன். சனிக்கிழமை எல்லாப் பெண்களும் அவரவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டில் கூடுவார்களாம், எல்லோரிடமும் இதே தட்டு இருக்கும், திரும்பும்போது மாறிவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைத்தது. மை பழுப்பாகிவிட்டது, எழுத்து மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்தாக அப்படியே இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் அவரைக் கிளிஃப் கச்சேரிக்குக் கூட்டிப்போனேன். எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை, துணைக்குப் போனேன். அரங்கு முழுக்க எழுபது எண்பது வயதுப் பெண்கள். மெதுவான பாட்டுகளுக்கு எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். 'மூவ் இட்' அந்த முதல் கிட்டார் சத்தம் வந்ததும் பாட்டி என் தோளைப் பிடித்து எழுந்து நின்றார், கைத்தடி கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மேடையில் இருந்தவரும் எண்பதை ஒட்டிய வயதுக்காரர். குரலில் மேல் ஸ்தாயி கொஞ்சம் மெலிந்திருந்தது, ஆனால் சுருதி எங்கேயும் விலகவில்லை. வயதான பாடகர்கள் பலர் கடினமான இடம் வரும்போது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவார்கள், இவர் நீட்டவில்லை. அன்றுதான் எனக்கு அவர் மீது மரியாதை வந்தது.

விசுவாசமா என்று தம்பி கேட்டாரே, விசுவாசம்தான். ஆனால் அது சும்மா வந்ததில்லை. 1996 விம்பிள்டன் சம்பவம் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போது சென்டர் கோர்ட்டுக்குக் கூரை கிடையாது, மழை விடவே இல்லை, ஜனங்கள் குடையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பார்வையாளராக வந்திருந்த கிளிஃபிடம் மைக்கைக் கொடுத்தார்கள். பக்கவாத்தியம் ஒன்றும் இல்லை. 'சம்மர் ஹாலிடே', 'லிவிங் டால்', 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்று அடுத்தடுத்துப் பாடினார். டென்னிஸ் வீராங்கனைகள் மார்ட்டினா நவ்ரத்திலோவா, வர்ஜீனியா வேட் எல்லோரும் பின்னால் வரிசையாக நின்று கோரஸ் பாடினார்கள். எழுதி வைத்த தாள் இல்லை, ஒத்திகை இல்லை. முப்பது வருடப் பாட்டுகள் அத்தனை பேருக்கும் மனப்பாடம் என்றால்தான் அப்படி ஒரு மத்தியானம் நடக்கும்.

வானொலிக்காரர்கள் அவரைப் படுத்திய பாட்டையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் அவருடைய புதுப் பாட்டு என்றாலே நிலையங்கள் ஒதுக்கிவைத்தன. 1998இல் ஒரு பாட்டின் நடன வடிவத்தை 'பிளாக்நைட்' என்ற பெயரில் நிலையங்களுக்கு அனுப்பினார்கள், யார் பாடியது என்று தெரியாமல் ஒலிபரப்பினார்கள்! உண்மைப் பெயரோடு வந்தபோது அது முதல் பத்துக்குள் வந்தது. அடுத்த வருடம் 'தி மில்லேனியம் ப்ரேயர்'. கிறிஸ்தவர்களின் பரமண்டல ஜெபத்தை 'ஆல்ட் லாங் சைன்' என்ற பழைய ஸ்காட்லாந்துப் பாட்டின் மெட்டில் பாடியது. நாற்பது வருடம் கூட இருந்த ஈஎம்ஐயே வெளியிட மாட்டேன் என்றது. சின்ன நிறுவனம் ஒன்றின் வழியாக வந்தது, பெரும்பாலான நிலையங்கள் தொடவில்லை, வருமானம் குழந்தைகள் நல நிதிக்குப் போனது. அப்படியும் மூன்று வாரம் முதலிடம். பாட்டாகக் கேட்டால் எனக்கே பெரிதாகப் பிடிக்காது, ஆனால் ஒலிபரப்பே இல்லாமல் ஜனங்கள் கடைக்குப் போய் வாங்கியது பெரிய விஷயம்.

2014இல் நடந்தது தனிக் கொடுமை. பழைய குற்றச்சாட்டு ஒன்றின் பேரில் காவல்துறை அவர் வீட்டைச் சோதனை போட்டது, பிபிசி ஹெலிகாப்டரில் பறந்து அதை நேரலையாகக் காட்டியது. அவர் அப்போது போர்ச்சுகலில் இருந்தார். கைதும் இல்லை, வழக்குப் பதிவும் இல்லை. 2016இல் போதிய ஆதாரம் இல்லை என்று அரசு வழக்குத் தரப்பு முடித்துவிட்டது. அவர் பிபிசி மீது தனியுரிமை வழக்குப் போட்டு 2018இல் ஜெயித்தார், நீதிமன்றம் 2,10,000 பவுண்டு இழப்பீடு அறிவித்தது. அந்த நாட்களில் பாட்டி டிவியையே அணைத்து வைத்திருந்தார். அதே 2018 இறுதியில் 'ரைஸ் அப்' ஆல்பம் வந்தபோது முதல் நாளே என்னைக் கடைக்கு அனுப்பினார்.

---

இசைத்தட்டுப்பெட்டி:

தேம்ஸ்கரை அக்கா, அந்தப் பெயர் எழுதிய தட்டைப் பற்றிப் படித்துவிட்டு என்னிடமிருக்கும் பழைய தட்டுகளை எல்லாம் எடுத்து நடு வட்டத்தைப் பார்த்தேன். நாலு தட்டில் எழுத்து இருக்கிறது. இத்தனை நாள் அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, போகவில்லை.

'ரைஸ் அப்' பாட்டை எழுதியவர்களில் ஒருவர் டெர்ரி பிரிட்டன். 'டெவில் உமன்' எழுதிய இருவரில் அவரும் ஒருவர்தான். 1976இல் தூக்கிவிட்ட கை, 2018இலும் வந்திருக்கிறது. நான் சொன்ன கூட இருக்கிற ஆட்கள் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

பதிவுரிமை:

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. அவர் பாட்டு எழுதாதவர் என்பது காசு விஷயத்தில் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

ஒரு இசைத்தட்டில் இரண்டு வகை உரிமை இருக்கிறது. பாட்டை எழுதியவருக்கு ஒன்று, அது அவர் வாழ்நாளும் இறந்த பிறகு 70 வருடமும் நிற்கும். அந்த ஒலிப்பதிவுக்கு என்று இன்னொன்று, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் பணம் வருவது இதிலிருந்துதான். ஐரோப்பாவில் இது வெறும் 50 வருடமாக இருந்தது. 'மூவ் இட்' வந்தது 1958, ஆக 2008 முடிவோடு அந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்கலாம், கிளிஃபுக்கு ஒரு பென்னிகூட வராது. எழுதிய சாம்வெல்லின் குடும்பத்துக்கு வரும், பாடியவருக்கு வராது. தனக்காக மட்டும் இல்லை, பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான ஒலிப்பதிவுக் கூடக் கலைஞர்களுக்காகவும் என்று சொல்லி, காலத்தை நீட்டக் கேட்டுப் பல வருடம் வெளிப்படையாகப் போராடினார். 2006இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆய்வு வேண்டாம் என்று சொன்னது. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் 70 வருடமாக்கியது, பிரிட்டனில் 2013 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. பத்திரிகைகள் அதற்குக் 'கிளிஃப் சட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டன.

ஆனால் அந்தத் தேதியில் உரிமை உயிரோடு இருந்த பதிவுகளுக்குத்தான் நீட்டிப்பு. ஏற்கெனவே காலாவதியானவை திரும்பி வரவில்லை. அதாவது 1958 முதல் 1962 வரை வந்தவை, 'மூவ் இட்', 'லிவிங் டால்', பாட்டியின் 'தி யங் ஒன்ஸ்' எல்லாமே வெளியே போய்விட்டன. அவர் பெயரால் அழைக்கப்படும் சட்டம் அவருடைய மிகச் சிறந்த வருடங்களைக் காப்பாற்றவில்லை. எனக்கு இதை நினைத்தால் மனசு கனக்கிறது.

---

மெட்டுப்பிரியன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சொன்ன வரிசையிலேயே மூன்று நாளாகக் கேட்டேன்.

'மிஸ் யூ நைட்ஸ்' பற்றி அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. ஹெட்ஃபோனில் கேட்டபோது, வரிகளுக்கு நடுவில் அவர் மூச்சு இழுக்கும் இடங்களைக் கவனித்தேன். எங்குமே வாக்கியத்தின் அர்த்தத்தை உடைத்து மூச்சு வாங்கவில்லை. எழுதியவர் வேறு ஆளாக இருந்தால் என்ன, அந்த வார்த்தை தனக்குத்தான் நடந்தது போல முடிக்கிறார். என் கேள்விக்கு விடை இங்கே கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் ஆறுதந்தி சொன்ன இழப்பும் எனக்குப் புரிகிறது. 1959 ஆல்பத்தைக் கேட்டுவிட்டு உடனே 'சம்மர் ஹாலிடே' கேட்டால் ஒரு கதவு சாத்திய மாதிரி இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம்.

ஒரு சின்னச் சந்தேகம். 'மூவ் இட்'டில் ஒரு சரணம்தான் இருக்கிறது போல, அதையே திரும்பப் பாடுகிறார். வேண்டுமென்றே அப்படி எழுதியதா? யூட்யூபில் ஹாங்க் மார்வினோடு பாடிய பிற்கால வடிவம் ஒன்றில் கேட்காத வரிகள் வருகின்றன, அது எங்கிருந்து வந்தது?

---

ஆறுதந்தி:

நல்ல காது உங்களுக்கு. சாம்வெல் அந்தப் பாட்டை எழுதியது பஸ்ஸில். கிளிஃப் குடும்பம் அப்போது லண்டனுக்கு வடக்கே செஷன்டில் இருந்தது, ஒத்திகைக்காக அங்கே போகும் கிரீன் லைன் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ராக் செத்துவிட்டது என்று பத்திரிகையில் வந்த பேச்சுக்குப் பதிலாக எழுதிய வரிகள். ஒரு சரணம்தான் தயாராக இருந்தது, அதையே இரண்டு தடவை பாடிப் பதிவு செய்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்டது 1995இல் ஹாங்க் மார்வினோடு மறுபடியும் பதிவு செய்தது. அதற்குத்தான் சாம்வெல்லின் இரண்டாவது சரணம் சேர்ந்தது, முதல் சரணத்துக்கு முப்பத்தேழு வருடம் கழித்து. கிளிஃப் சர் பட்டம் வாங்கியதும் அந்த வருடம்தான். ஹாங்க் அதில் வாசிப்பதை ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள், 1958இல் எர்னி ஷியர் வாசித்த அதே இறக்கத்தை எங்கே தொடுகிறார், எங்கே தன் வழியில் போகிறார் என்று தெரியும். கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.